நான்கு நிமிடம் நின்ற கடிகாரம்

அக்டோபர் 11, 2024, வெள்ளி – வால்தம்

பாஸ்டனுக்குப் பக்கத்தில் தங்கை வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. நான் பார்க்க வேண்டிய இடங்களை எல்லாம் அவள் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தாள். நான் போக நினைத்த ஊர் ஒன்றுகூட அதில் இல்லை. “பழைய வாட்ச் பாக்கறதுக்கா ஓஹையோ வரைக்கும் போறீங்க அண்ணா?” என்று கேட்டாள். அதற்குத்தான் போகிறேன். முப்பது வருடம் கோயம்புத்தூரில் டூல் ரூமில் நின்றவன் நான். கடைசல் லேத், ஜிக், அளவு பார்க்கும் கேஜ் என்றே பொழுது போனது. அந்தக் கால அமெரிக்கப் பாக்கெட் வாட்சின் உள்புறத்தைப் படத்தில் பார்த்துப் பார்த்தே ஒரு ஏக்கம் வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்தபின் அதைக் கையில் எடுத்துப் பார்க்காமல் ஊர் திரும்ப மனசில்லை.

முதலில் வால்தம். காலையில் எட்டு டிகிரி. சார்லஸ் ஆற்றின் ஓரமாக மேப்பிள் மரங்கள் எல்லாம் செவ்வரளி நிறத்துக்கு மாறியிருந்தன. ஆற்றை ஒட்டி நீளமாக ஒரு செங்கல் கட்டடம், சுவரைவிட ஜன்னல்தான் அதிகம். 1854-ல் இந்த ஆற்றங்கரைக்கு வந்த கடிகாரத் தொழிற்சாலை, 1957-ல் வாட்ச் செய்வதை நிறுத்தும்வரை மூன்று கோடிக்கும் மேல் செய்து அனுப்பியிருக்கிறது. மின்விளக்கு வராத காலத்தில் மயிரிழை வேலைக்குப் பகல் வெளிச்சம் வேண்டும், அதற்காகவே அத்தனை ஜன்னல். இப்போது அங்கே அலுவலகங்களும் குடியிருப்புகளும் இருக்கின்றன. ஒரு ஜன்னலில் துளசி மாதிரி ஏதோ தொட்டிச் செடி தெரிந்தது.

இதைத் தொடங்கிவைத்த ஆரன் டெனிசன் கேஜ் பைத்தியம் பிடித்த மனிதர். ஸ்பிரிங் பட்டையின் தடிமனை அளக்க ஒரு அளவுகோலை அவரே உருவாக்கினார். ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையில் துப்பாக்கிகளை ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்துகிற மாதிரி செய்வதைப் பார்த்துவிட்டு, வாட்சையும் அப்படிச் செய்தால் என்ன என்று கிளம்பினார். இங்கிலாந்திலும் ஸ்விட்சர்லாந்திலும் அப்போது சக்கரத்தை ஒரு வீட்டில் வெட்டினார்கள், தட்டை இன்னொரு வீட்டில் செய்தார்கள், கடைசியில் ஒருவர் அரத்தை வைத்து ராவி ராவி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று சேர்த்தார். டெனிசனின் கம்பெனி 1857-ல் திவாலாகி ஏலத்துக்குப் போனது. ராயல் ராபின்ஸ் என்பவர் எடுத்து நடத்தினார். இயந்திரங்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

மூடி ஸ்ட்ரீட் (Moody Street) என்ற தெருவில், ஒரு பழைய பஞ்சாலைக்குள் இருக்கும் தொழில் அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்துச் சின்ன லேத்துகளைப் பார்த்தேன். பொருளைப் பிடித்துச் சுழற்றும் ஹெட்ஸ்டாக் உள்ளங்கையில் அடங்கும். ஆளுக்கு ஆள் தள்ளிக்கொண்டு பார்க்கிற இடம் இல்லை, ஒரு மணி நேரம் அதன் முன்னாலேயே நின்றேன். இதில் வேலை பார்த்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். ஒரு திருகாணி மிளகுத் தூள் அளவு இருக்கும். அதற்கு மரை போடும் திறமையை அந்தப் பெண்ணின் விரலிடம் கேட்காமல் இயந்திரத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். 1876-ல் பிலடெல்பியா கண்காட்சியில் இவர்களுடைய தானியங்கித் திருகாணி இயந்திரத்தைப் பார்த்த ஸ்விஸ்காரர்கள் ஊருக்குப் போய்ப் பீதியோடு அறிக்கை எழுதினார்கள். லான்ஜின்ஸ் கம்பெனியின் ழாக் டேவிட் எழுதியது அதில் முக்கியமானது. நானும் அந்த இடத்தில் இருந்திருந்தால் பயந்திருப்பேன்.

மதியம் அதே தெருவில் மசால் தோசை, பதின்மூன்று டாலர். சாம்பாரில் வெல்லம் தூக்கலாக இருந்தது. சூடாக இருந்ததால் இரண்டு கிண்ணம் வாங்கிக் குடித்தேன்.

அக்டோபர் 12, சனி – வழியில்

ரயில் இரண்டு மணி நேரம் தாமதம். பிலடெல்பியாவில் மாற வேண்டிய வண்டி போய்விட்டது. தேவாலயம் போல உயரமான கூரை கொண்ட நிலையத்தில், மர பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒரு ஆரஞ்சை உரித்துப் பாதியைக் கைக்குட்டையில் வைத்து நீட்டினார். எங்கிருந்து வருகிறாய், என்ன வேலை என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அந்த பெஞ்சில் யோசித்துக்கொண்டிருந்தது இதுதான்: 1883 நவம்பர் 18-க்கு முன்னால் இந்த நாட்டில் ஊருக்கு ஒரு நேரம். சூரியன் உச்சிக்கு வந்தால் அந்த ஊருக்குப் பன்னிரண்டு. ரயில் கம்பெனிகள்தான் சேர்ந்து நாட்டை மண்டலங்களாகப் பிரித்து ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்தன. ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு வண்டி எதிரெதிரே வரும்போது, அவற்றைப் பிரித்து வைத்திருந்தது ஓட்டுநரின் சட்டைப் பையில் இருந்த வாட்ச் மட்டும்தான்.

லான்காஸ்டர் வந்து சேர இரவு பத்தரை. டாக்சிக்குப் பதினெட்டு டாலர்.

அக்டோபர் 13, ஞாயிறு – ஆடம்ஸ்டவுன்

ஞாயிற்றுக்கிழமைகளில் பழம்பொருள் சந்தைக்குப் பேர்போன ஊர் இது. தங்கிய இடத்தில் இருந்த ஒரு தம்பதி காரில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்கள். பெட்ரோலுக்கு என்று பத்து டாலர் நீட்டியபோது அந்த அம்மாள் என் கையை மடக்கித் திருப்பித் தந்துவிட்டார்.

பீங்கான், பால்கேன், பழைய ரம்பம், பொம்மை எல்லாம் தாண்டிப் போனால், பச்சைத் துணி விரித்த மேஜையில் ஒருவர் இருபது முப்பது வாட்சுகளை வைத்திருந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும், கால்சட்டைக்குத் தோள்பட்டி போட்டிருந்தார். எதைத் தொடலாம் என்று கேட்டேன். எல்லாவற்றையும் தொடலாம், கீழே மட்டும் விடாதே என்றார்.

ஒரு வால்தம் வாட்சை எடுத்தார். 18 சைஸ், அதாவது உள்தட்டின் குறுக்களவு ஏறக்குறைய 45 மில்லிமீட்டர். கையில் வைத்ததும் ஒரு நல்ல எடை. பின் மூடியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அழுத்தித் திருகினார், ஊறுகாய் ஜாடி திறப்பது போலத் திறந்துகொண்டது. உள்ளே நிக்கல் தட்டு முழுக்க நீரலை போன்ற வரிகள். தட்டில் இப்படி இழைப்பதற்கு இவர்கள் வைத்த பெயர் டமஸ்கீனிங். சன்னமான வரிகள், ஒன்றை ஒன்று தொடாமல் அடுத்தடுத்து வளைந்து போகின்றன. மூடியை மூடிவிட்டால் யாரும் பார்க்கப் போவதில்லை, வாங்கியவனே வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் உண்டு. அங்கே இவ்வளவு சிரத்தை. நிமிர மனசு வரவில்லை.

முள்ளை எப்படித் திருப்புவது என்று கேட்டேன். மேலே இருக்கிற சாவிக் குமிழை இழுத்துத் திருப்பலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். அவர் தலையசைத்துவிட்டு முன்பக்கக் கண்ணாடி வளையத்தையும் திருகிக் கழற்றினார். டயலின் ஓரத்தில், ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில், நகம் நுழைகிற அளவு ஒரு எஃகு நாக்கு. அதை நகத்தால் வெளியே இழுத்த பிறகுதான் குமிழ் முள்ளைத் திருப்பும். நாக்கை உள்ளே தள்ளிவிட்டால் குமிழ் சாவி கொடுக்க மட்டும்தான். லீவர் செட் என்று சொல்வார்கள்.

இதை நான் மூன்று முறை இழுத்தும் தள்ளியும் பார்த்தேன். எதற்கு இவ்வளவு சுற்று என்று முதலில் யாருக்கும் தோன்றும். குமிழை இழுத்தால் முள் திரும்பும் என்று வைத்தால், ஓட்டுநர் அவசரத்தில் பையில் இருந்து வாட்சை உருவும்போது குமிழ் எங்கேயாவது மாட்டி இழுபடலாம். நேரம் இரண்டு நிமிடம் நகர்ந்திருக்கும், அவருக்கே தெரியாது. அதனால் நேரத்தை மாற்றுவதை வேண்டுமென்றே கஷ்டமாக்கி வைத்தார்கள். இரண்டு கை வேண்டும், நின்று நிதானமாகச் செய்ய வேண்டும். நம் மெஷின் ஷாப்பில் பிரஸ்ஸுக்கு இரண்டு பொத்தான் வைத்து, இரண்டு கையாலும் அமுக்கினால்தான் இறங்கும் என்று செய்வோமே, அதே புத்தி. நூறு வருடத்துக்கு முன்னால், ஒரு நகத்தளவு இடத்தில்.

ஹாமில்டன் 992 ஒன்று இருந்தது, அச்சுகள் தேயாமல் சுழல வைக்கிற மாணிக்கக் கற்கள் அதில் 21, விலை நானூற்றைம்பது. எனக்கு எட்டாது. இந்த வால்தம், பி.எஸ். பார்ட்லெட் வகை, 15 கல், நூற்று நாற்பது. நான் டூல் ரூம்காரன் என்று சொன்னதும் அவராகவே நூற்று இருபத்தைந்து என்றார். பேரம் பேசவில்லை. வரிசை எண்ணைப் பார்த்தால் 1890-ஐ ஒட்டிச் செய்தது.

இரவு. அறையில் மேஜை விளக்கடியில் வைத்துச் சாவி கொடுத்தேன். பதினைந்தாவது சுற்று இருக்கும். உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம், குமிழ் விரலில் தொளதொளத்துவிட்டது. வாட்சை ஓட்டுகிற மெயின் ஸ்பிரிங் போய்விட்டது. நூற்று முப்பது வருடம் இருந்தது, என் கைக்கு வந்து அரை நாள் தாங்கவில்லை. தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 14, திங்கள் – லான்காஸ்டர்

விடுமுறை நாள், மழை வேறு. அறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை, கேட்டால் நாளைக்கு ஆள் வரும் என்றார்கள். ஸ்வெட்டரோடு போர்வைக்குள் உட்கார்ந்து, பிஸ்கெட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டுக்கொண்டு, பின் மூடியைத் திறந்து பார்த்தபடியே இருந்தேன். தட்டில் கம்பெனிப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ‘சேஃப்டி பினியன்’ என்று வெட்டியிருந்தது. பினியன் என்றால் சின்னப் பல்சக்கரம். நேற்று அதைக் கவனிக்கவில்லை. ஒரு சின்ன நம்பிக்கை வந்தது.

அக்டோபர் 15, செவ்வாய் – கொலம்பியா

காலையில் மழை விட்டிருந்தது. லான்காஸ்டர் சென்ட்ரல் மார்க்கெட் செவ்வாய், வெள்ளி, சனி மட்டும்தான். பழைய முறையிலேயே வாழும் ஆமிஷ் கிறிஸ்தவப் பெண்கள் வெள்ளைத் தொப்பியோடு ரொட்டியும் ஊறுகாயும் விற்கிறார்கள். காய்கறியைப் புளிப்பும் இனிப்புமாக ஊறவைத்த ஒன்றுக்கு ‘சௌ சௌ’ என்று பெயர், நம் சௌசௌவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஷூஃப்ளை பை என்று ஒரு துண்டு நாலு டாலருக்கு வாங்கினேன். வாயில் வைத்ததும் கருப்பட்டி வாசம், அடியில் பாகு கசிந்து ஈரமாக இருந்தது. கரும்புப் பாகில் செய்வதாம். இன்னொரு துண்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஊரைத் தாண்டும்போது பழைய ஹாமில்டன் தொழிற்சாலை தெரிந்தது. இரண்டு கோபுரம் வைத்த செங்கல் கட்டடம், இப்போது வீடுகள். 1892-ல் தொடங்கி 1969 வரை அங்கே பாக்கெட் வாட்ச் வந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் ரயில்வேக்கான வாட்சைக் கடைசிவரை செய்தவர்கள் இவர்கள்தான்.

கொலம்பியா, சஸ்கெஹானா ஆற்றங்கரையில் சின்ன ஊர். தேசியக் கடிகார அருங்காட்சியகம் இங்கேதான் இருக்கிறது. ஆள் உயரத்துக்கும் மேலான ஸ்டீஃபன் எங்கிளின் கடிகாரத்தை, பொம்மைகள் வரிசையாக வந்து போகிறதை, எல்லோரும் நின்று பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன். இருபது வருடம் ஒருவர் உட்கார்ந்து செய்தது. என் கால் என்னவோ பாக்கெட் வாட்ச் பக்கமே போனது.

வாட்டர்பரி லாங் வைண்ட் என்று ஒரு ஏழை வாட்ச். டேனியல் பக் வடிவமைத்தது, 1880 வாக்கில் வந்தது. மொத்தமே 58 பாகம், விலை நாலு டாலருக்குள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஒன்பது அடி நீளம், சாவி கொடுக்கக் கொடுக்க முடியவே முடியாது. இதில் கவனிக்க வேண்டியது வேறு: இயந்திரம் முழுவதுமே உறைக்குள் மணிக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் எந்த ஒரு நிலையிலும் தங்காததால், ஒரு நிலையில் வரும் பிழை இன்னொரு நிலையில் சரிக்கட்டப்படுகிறது. இதே தத்துவத்துக்கு ஐரோப்பாவில் ராஜாக்கள் பொன்னாகக் கொட்டிக் கொடுத்தார்கள். இங்கே கூலிக்காரன் பையில் அது சுற்றியது.

ரயில்வே வாட்சுகள் வேறு வழியில் போயின. சுற்றவிடவில்லை, ஒவ்வொரு நிலையிலும் உட்கார்ந்து திருத்தினார்கள். டயல் மேலே, டயல் கீழே, குமிழ் மேலே, குமிழ் இடப்பக்கம், வலப்பக்கம் என்று ஐந்து. பையில் நிற்கும்போதும் மேஜையில் படுத்திருக்கும்போதும் ஒரே மாதிரி ஓட வேண்டும். அப்புறம் வெப்பம். சூட்டில், பேலன்ஸை ஆட்டுகிற மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங் தளரும், வாட்ச் மெதுவாகும். பேலன்ஸ் சக்கரத்தின் வளையத்தை உள்ளே எஃகு, வெளியே பித்தளை என்று இரண்டு உலோகமாக ஒட்டி, இரண்டு இடத்தில் வெட்டிவிட்டார்கள். பித்தளை கூடுதலாக நீளும். வளையத்தின் வெட்டுமுனை உள்பக்கம் வளையும். வளைந்தால் சக்கரம் சுருங்கின மாதிரி, வேகம் கூடும். ஸ்பிரிங் இழந்த வேகத்தைச் சக்கரம் திருப்பித் தருகிறது. குறை வரும் என்று தெரிந்து, அதற்கு எதிராக இன்னொன்றை முன்கூட்டியே காவலுக்கு வைப்பது. இந்தக் கூடத்தில் திரும்பின இடமெல்லாம் அந்த யோசனைதான்.

லென்ஸை வைத்து ஒரு பெட்டியின் மேல் குனிந்திருந்தபோது பக்கத்தில் இன்னொருவரும் குனிந்திருந்தார். ஓய்வுபெற்ற வாட்ச் ரிப்பேர்காரர். பையில் இருந்து என் வால்தமை எடுத்துக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் குமிழைச் சுற்றிப் பார்த்தார், காதில் வைத்தார், “என் வீடு பத்து நிமிடம்தான், வா” என்றார்.

வீட்டின் நிலவறைதான் அவர் பட்டறை. மார்பு உயரத்துக்கு ஒரு மேஜை, விழுந்த பொருள் தரைக்குப் போகாமல் இருக்க அதன் அடியில் ஒரு துணி ஏப்ரன் கட்டியிருந்தார். லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டார். முதலில் பேலன்ஸை எடுத்துத் தனியே கவிழ்த்து வைத்தார். டயல் வந்தது. மேல் தட்டின் தூண் திருகாணிகளைக் கழற்றித் தட்டைத் தூக்கினார். பிறகு நாற்காலியை நகர்த்தி, லூப்பை என்னிடம் தந்து, என்னைப் பார்க்கச் சொன்னார்.

ஸ்பிரிங் பெட்டியின் பற்கள் நடுச் சக்கரத்தின் பினியனோடு பிணைந்திருக்கும். இறுக்கமாகச் சுருண்ட ஸ்பிரிங் அறுந்தால், அந்த வேகம் முழுக்கப் பெட்டியைப் பின்பக்கமாக உதறும். சாதாரண வாட்சில் அந்த அடி நேராகச் சக்கரங்களுக்குப் போய்ப் பல் உடையும், ஊசிமுனை போன்ற அச்சு முறியும். இதிலோ பினியன் அச்சோடு ஒட்டவில்லை, மரையில் நிற்கிறது. ஓடும் திசையில் தள்ளினால் இறுகும், எதிர்த்திசையில் தள்ளினால் கழன்று சும்மா சுழலும். சார்லஸ் ஃபாக் 1865-ல் காப்புரிமை வாங்கிய வேலை. என் வாட்சில் அந்தப் பினியன் அச்சில் இருந்து இரண்டு மரை மேலே ஏறி நின்றது. ஞாயிறு இரவு அந்த ‘டப்’ கேட்ட நொடியில் கழன்றிருக்கிறது. நூற்று முப்பது வருடம் ஒரு கணத்துக்காகக் காத்திருந்து, அந்தக் கணத்தில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. ஒரு பல்கூட நசுங்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, லூப்பைத் திருப்பிக் கொடுக்கச் சற்று நேரம் எடுத்துக்கொண்டேன்.

அவர் பினியனைத் திருகி இறக்கினார். புது ஸ்பிரிங் ஒன்றை இழுப்பறையில் இருந்து எடுத்துப் போட்டார். எண்ணெய் பழசாகிவிட்டது, ஊருக்குப் போனதும் முழுதாகக் கழுவி எண்ணெய் விடச் சொல்லு என்றார். பேலன்ஸ் உட்கார்ந்ததும் தானே ஆடத் தொடங்கியது. ஸ்பிரிங்குக்கு மட்டும் இருபது டாலர் வாங்கினார். வேலைக்கு எவ்வளவு என்று கேட்டேன், காதில் விழாதது போல விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பையில் இருந்த ஷூஃப்ளை பை துண்டைக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டார்.

இரவு எட்டரைக்கு போனைப் பார்த்து நேரம் வைத்தேன்.

அக்டோபர் 16, புதன் – மேற்கே

மதிய ரயிலில் பிட்ஸ்பர்க். அல்டூனாவுக்குப் பக்கத்தில் ரயில் மலையைச் சுற்றி லாட வடிவத்தில் வளைகிறது, 1854-ல் போட்ட பாதை. ஜன்னலில் நம் வண்டியின் எஞ்சினையே எதிர்ப்பக்கம் பார்க்கலாம். கண்டக்டர் பையில் வாட்ச் இல்லை, கையில் போன்தான். என் வால்தமைப் பார்த்துவிட்டு நின்று, கேட்டு வாங்கி, காதில் வைத்துவிட்டுத் தந்தார். பிட்ஸ்பர்க்கில் பாலிடெக்னிக் நண்பன் காரோடு நின்றான். அவன் வீட்டில் ரசமும் அப்பளமும். ஆறு நாளைக்குப் பிறகு ரசம்.

அக்டோபர் 17, வியாழன் – கிப்டன்

கிளீவ்லாந்துக்குத் தென்மேற்கே, சோள வயல்களுக்கு நடுவில் கிப்டன். சின்னஞ்சிறு கிராமம். தண்டவாளம் எப்போதோ எடுத்தாகிவிட்டது, அதே பாதை இப்போது சைக்கிள் தடம். தூறல். ஒரு அணில் தவிர யாரும் இல்லை.

1891 ஏப்ரலில் இங்கே கிழக்கு நோக்கி முழு வேகத்தில் தபால் வண்டி வந்துகொண்டிருந்தது. எதிரே வந்த பயணிகள் வண்டி, கிப்டனில் பக்கத் தடத்துக்கு ஒதுங்கி அதற்கு வழிவிட வேண்டும். ஒதுங்கி முடிப்பதற்குள் மோதின. குறைந்தது எட்டுப் பேர் இறந்தார்கள், தபால் பிரிப்பவர்கள் அதில் பலர். பயணிகள் வண்டி ஓட்டுநரின் வாட்ச் நான்கு நிமிடம் நின்று, பிறகு தானாக ஓடத் தொடங்கியிருந்தது என்றுதான் இந்த விபத்தைப் பற்றி எல்லோரும் சொல்லி வருகிறார்கள். நின்றுபோன வாட்ச் நின்றே இருந்தால் அவர் கவனித்திருப்பார். அது திரும்ப ஓடியதுதான் கேடு.

அதற்குப் பிறகு கிளீவ்லாந்து நகைக்கடைக்காரர் வெப் பால் (Webb Ball) என்பவரை அழைத்து ரயில்வே கம்பெனி நேரத்தைக் கண்காணிக்கச் சொன்னது. அவர் கொண்டுவந்த விதிகள்தான் நான் ஐந்து நாளாகப் பார்த்துவந்தவை எல்லாம்: டயலுக்கு மேல் மூடி இல்லாத திறந்த முகம், வெள்ளை டயலில் தடித்த கறுப்பு எண், 17 கல்லுக்குக் குறையக் கூடாது, ஐந்து நிலை, லீவர் செட், வாரத்துக்கு 30 வினாடிக்கு மேல் பிசகக் கூடாது. அங்கே நின்றுகொண்டு அவற்றை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் பின்னால் இந்த இடம் இருக்கிறது.

நண்பன் குடையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, “மணி என்னடா காட்டுது அது?” என்றான்.

பத்தரை. போனோடு ஒப்பிட்டோம். செவ்வாய் இரவில் இருந்து ஐம்பது வினாடி பின்தங்கியிருந்தது. ஒரு நாளுக்கு முப்பது வினாடிக்குப் பக்கம். வெப் பாலிடம் கொண்டுபோயிருந்தால் ரயில் பக்கமே விட்டிருக்க மாட்டார்.

காருக்குள் வந்து கதவைச் சாத்தினோம். அவன் பின் மூடியை மடியில் ஏந்திக்கொண்டான். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் முள்ளை நகத்தால் வேகப் பக்கம் ஒரு கோடு தள்ளினேன். கண்ணாடி வளையத்தைத் திருகி எடுத்து, எஃகு நாக்கை இழுத்து, ஐம்பது வினாடியைக் கூட்டி வைத்து, நாக்கை உள்ளே தள்ளினேன். வளையத்தின் மரை இரண்டு முறை பிசகி, மூன்றாவது முறை சரியாகப் பிடித்தது.